தாயத்து போய் டெராஹெர்ட்ஸ் வந்தது!

(கோவில்பட்டியில் தீப்பெட்டித் தொழிலாளர்கள் கூட்டிய பொதுக்கூட்டத்தில் நாம் பேசியதன் சாரம்)



இன்று நாம் கடவுளைப் பற்றியோ, சாதியைப் பற்றியோ பேச வரவில்லை. சில காலமாக நமது கரிசல் சீமையில் கலியாண மண்டபங்களிலும் மாடி அறைகளிலும் இலவச முகாம் என்ற பேரால் நடந்துவரும் ஒரு புது வைத்தியத்தைப் பற்றிப் பேசவே வந்திருக்கின்றோம். மின்காந்தத் துடிப்பு மெத்தை என்கிறார்கள். டெராஹெர்ட்ஸ் ஊதுகோல் என்கிறார்கள். டெராஹெர்ட்ஸ் கல் என்கிறார்கள். மூட்டுவலி முதல் புற்றுநோய் வரையில் எல்லாம் இதனால் தீரும் என்கிறார்கள்.

பேச்சைத் தொடங்குமுன் ஒரு காரியம். இந்த மேஜைமேல் ஒரு மரப்பலகையும் ஓர் அலுமினிய மூடியும் இருக்கின்றன. இரண்டின்மேலும் ஒரே அளவான ஐஸ் கட்டியை வைக்கிறோம். அது பாட்டுக்கு இருக்கட்டும்.

நமக்குத் தெரிந்த ஒரு தாயார் இருபது வருஷமாகத் தீப்பெட்டி ஆபீசில் உட்கார்ந்து குச்சி அடுக்கியவர். முழங்கால் வலி, அதோடு சர்க்கரை வியாதியும் உண்டு. முகாமுக்குப் போய்ப் பத்து நாள் இலவசமாகப் படுத்தார். வலி குறைந்தாற்போலிருந்தது. பதினோராம் நாள் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து மெத்தையை வாங்கினார், மீதிக்குத் தவணை. "துடிப்பு உள்ளே போனால் சர்க்கரை தானே இறங்கும், மாத்திரை எதற்கு?" என்றான் விற்றவன். மாத்திரையை நிறுத்தினார். காலில் பட்ட சிறு காயம் புரையோடி, கடைசியில் ஆஸ்பத்திரியில் பெருவிரலை எடுத்தார்கள். விரல் போய்விட்டது, தவணை மட்டும் போகவில்லை!

நாம் பார்க்கப் போனபோது அந்தத் தாயார் கேட்டது என்ன தெரியுமா? "நீங்கதானே அய்யா, தாயத்தை அவுத்துப் போடு, விஞ்ஞானத்தை நம்புன்னு சொன்னீங்க? அவனும் விஞ்ஞானம்னுதானே சொன்னான்?" தோழர்களே! இதற்கு நம்மிடம் சட்டென்று பதில் இல்லை. தாயத்தைக் கழற்றச் சொன்ன நாம், எது விஞ்ஞானம் என்று சோதிப்பது எப்படி என்பதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தக் கடனைத் தீர்க்கவே இன்று வந்திருக்கின்றோம்.

முதலாவது, இதில் உண்மை எவ்வளவு? அதை மறைப்பது நமக்கு யோக்கியதையாகாது. கம்பிச் சுருளில் மின்சாரம் ஓடினால் காந்தம் உண்டாகும். அதை விட்டுவிட்டு ஓட்டினால் காந்தம் துடிக்கும். அந்தத் துடிப்பு பக்கத்திலுள்ள பொருளில் மிகச் சிறு மின்சாரத்தை எழுப்பும். 1831-ல் இதைக் கண்டவர் மைக்கேல் பாரடே. அவர் ஒரு கொல்லரின் மகன். புத்தகம் பைண்டு செய்த தொழிலாளி. தானே படித்து உயர்ந்தவர். மாதக்கணக்கில் கூடாத எலும்பு முறிவுக்கு இந்தத் துடிப்பை ஒரு சிகிச்சையாக 1979-ல் அமெரிக்க அரசாங்கத்தின் உணவு, மருந்து இலாகா அனுமதித்தது. அதுவும் தினம் பல மணி நேரம், பல மாதம், டாக்டர் மேற்பார்வையில்! மூட்டுவலிக்குச் சோதித்ததில் சில சோதனைகளில் சிறிது பலன், சிலவற்றில் இல்லை. சர்க்கரையும் புற்றுநோயும் இதனால் குணமாகும் என்பதற்கு ருசு கிடையாது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கோ இதனால் ஆபத்தே உண்டு. எலும்புக்குக் கிடைத்த சான்றிதழைக் காட்டி எல்லா வியாதிக்கும் விற்பது, ஒரு ஏக்கர் பட்டாவைக் காட்டி ஊரையே கிரயம் செய்வதற்கு ஒப்பாகும்.

"இரத்தத்தில் இரும்பு இருக்கிறது, காந்தம் அதை இழுத்து ஓடவைக்கும்" என்கிறார்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் யந்திரத்திலுள்ள காந்தம் சாதாரணமாக 1.5 டெஸ்லா. அது பூமியின் காந்தத்தைப் போல் சுமார் முப்பதாயிரம் மடங்கு. அதில் துடிக்கும் காந்தமும் உண்டு. டக்டக்கென்று கேட்கும் சத்தம் அதனுடையதே. அதற்குள் படுத்தவனுடைய இரத்தம் சுவரில் போய் ஒட்டிக்கொண்டதா? இரத்தத்திலுள்ள இரும்பு ஆணி இரும்பைப் போன்றதல்ல. காந்தம் பட்ட மாத்திரத்தில் சர்க்கரை இறங்குமானால், ஸ்கேன் எடுத்து வந்தவர்களெல்லாம் மாத்திரையைத் தூக்கி எறிந்திருக்கமாட்டார்களா?

இது நிற்க. டெராஹெர்ட்ஸ் என்பது என்ன? ஒரு விநாடிக்கு லட்சம் கோடி முறை அதிரும் அலை, அவ்வளவே. இதில் தெய்வீகம் ஒன்றுமில்லை. சூடான பொருள் எல்லாமே இந்த அலையைச் சிறிதளவு வீசும். தோசைக்கல் வீசும், சித்திரை மாதக் கரிசல் மண் வீசும், உங்கள் உள்ளங்கையும் வீசும். தண்ணீர் இதை உடனே உறிஞ்சிவிடுகிறபடியால், ஈரமுள்ள நம் தோலில் ஒரு மில்லிமீட்டர் தூரங்கூட இது இறங்காது. அப்படியிருக்க, கணையத்தையும் ஈரலையும் போய் எப்படிச் சீர்திருத்தும்? ஊதுகோலிலிருந்து வருவது சூடான காற்று. வலிக்கு இதமாயிருக்கும், ஆனால் உங்கள் பாட்டி போட்ட தவிட்டு ஒத்தடமும் அப்படித்தான் இருந்தது. அதற்கு அவள் தவணை கேட்கவில்லை!

இப்போது மேஜையைப் பாருங்கள். மூடிமேல் வைத்த ஐஸ் தண்ணீராய்விட்டது. பலகைமேல் வைத்தது பாதிக்குமேல் அப்படியே இருக்கிறது. முகாமில் கல்லின்மேல் ஐஸ் உருகுவதைக் காட்டி, "பார்த்தீர்களா சக்தியை!" என்கிறார்களே, அந்தச் சக்தி இதுதான். அந்தக் கல் பெரும்பாலும் சிலிக்கன். செல்போனுக்குள்ளும் இருக்கிற பொருள். அது கண்ணாடியைவிட நூறு மடங்குக்கு மேல் வேகமாக உஷ்ணத்தைக் கடத்தும். அதனால் ஐஸ் உருகுகிறது. இதுதான் வைத்தியம் என்றால், நம் வீட்டுச் சட்டி மூடியும் ஒரு தன்வந்திரிதான்!

"பலருக்கு வலி குறைந்ததே, அது பொய்யா?" என்பீர்கள். பொய்யல்ல. இதற்கும் பழைய கதை உண்டு. பாரிசில் மெஸ்மர் என்பவர் காந்த சக்தியால் வைத்தியம் செய்வதாகக் கூட்டம் சேர்த்தபோது, பெஞ்சமின் பிராங்க்ளின், லவாய்சியர் முதலானவர்கள் 1784-ல் அதைச் சோதித்தார்கள். காந்தம் ஏற்றினது எது, ஏற்றாதது எது என்று நோயாளிக்குத் தெரியாமல் செய்த மாத்திரத்தில் சக்தி மாயமாய்ப் போயிற்று. 1799-ல் இங்கிலாந்தில் பாத் நகரத்தில் ஹேகார்த் என்ற டாக்டர், வலியை இழுப்பதாக விற்ற உலோகக் கோல்களுக்குப் பதில் மரக்கோலுக்கு வர்ணம் பூசித் தடவினார். ஐந்து பேரில் நாலு பேர் வலி குறைந்ததென்றார்கள்! நம்பிக்கையும், பரிவான பேச்சும், பத்து நாள் ஓய்வும் வலியைக் குறைக்கும். சர்க்கரையைக் குறைக்காது.

ஆகவே அடுத்த முறை முகாமுக்குப் போனால் ஒன்று கேளுங்கள். பிளக்கைத் துணியால் மூடு. இருபது பேரைப் படுக்கவை. பத்து பேருக்கு மின்சாரம் விடு, பத்து பேருக்கு விடாதே. யாருக்கு விட்டது என்பது படுத்தவருக்கும் தெரியக்கூடாது, கேட்டு எழுதுகிறவருக்கும் தெரியக்கூடாது. பிறகு கணக்கைப் பார்ப்போம் என்று சொல்லுங்கள். சம்மதிக்கிறானா பாருங்கள்!

அன்றியும், சர்க்கரை, புற்றுநோய், பக்கவாதம், இரத்த அழுத்தம் முதலிய 54 வியாதிகளைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்யக்கூடாதென்று 1954-லேயே சட்டம் இருக்கிறது. தாயத்தும் மந்திரமும் அதில் சேர்ந்தவையே. 2020 முதல் வைத்தியக் கருவிகளும் மருந்துச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. "நீ நாலு பேரைச் சேர், உனக்குக் கமிஷன்" என்று ஆள் சேர்க்கும் சங்கிலி வியாபாரத்தை 2021-ல் வந்த நேரடி விற்பனை விதிகள் தடுக்கின்றன. ஜப்பானில் காந்தப் பொருள்களைக் காட்டி வயோதிகரிடம் பணம் திரட்டிய ஜப்பான் லைஃப் கம்பெனி 2018-ல் திவாலாகி, அதன் ஸ்தாபகர் 2020-ல் கைதானார். விஞ்ஞானத்தில் முன்னேறிய நாட்டிலேயே இந்தக் கதியென்றால், இங்கே என்ன ஆகாது?

வலியுள்ளவர்களை வெறுங்கையோடு அனுப்ப நமக்கு மனமில்லை. அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. இயன்முறை வைத்தியரும் வருகிறார். இதற்குச் சங்கிலியை அடகு வைக்க வேண்டியதில்லை. முதலாளிமார்கள் குச்சி அடுக்குகிற பெண்களுக்குச் சரியான ஆசனமும், இடையிடையே எழுந்து நடக்க நேரமும் கொடுத்தால் பாதி முழங்கால் வலி முளைக்கவே முளைக்காது. அதைக் கேட்பதே நமது முதல் வைத்தியம்.

கடைசியாக ஒன்று. நாம் சொன்னோம் என்பதற்காக இதையும் நம்பிவிடாதீர்கள். நீங்கள் செய்கிற தீக்குச்சி ஆஸ்திகன் உரசினாலும் பற்றும், நாஸ்திகன் உரசினாலும் பற்றும். பற்றாவிட்டால் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கிறான். ஒரு பெட்டித் தீக்குச்சிக்கு நீங்கள் கேட்கிற யோக்கியதையை, உங்கள் உயிருக்கு விற்கிற யந்திரத்திடமும் கேளுங்கள் என்று சொல்லி, இவ்வளவோடு முடித்துக்கொள்ளுகின்றோம்.