கரண்ட் போனால் கூடவே போகிறவை

புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் கடைகளில் முதலில் தீர்ந்துபோவது பால், ரொட்டி, மெழுகுவர்த்தி. இந்த மூன்றும் கைக்கு வந்துவிட்டால் நமக்கு ஒரு தெம்பு வந்துவிடுகிறது. கரண்ட் போகும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதன் பின்னாலேயே வரிசையாக வேறு என்னென்ன போகும் என்பதைத்தான் நாம் யோசிப்பதில்லை.

பணத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி சென்னையில் வர்தா புயல் அடித்தது. ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்து அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ரொக்கம் கிடைக்காமல் ஜனங்கள் கார்டுக்கு மாறிக்கொண்டிருந்த நேரம். புயலில் கரண்டும் நெட்வொர்க்கும் போனதும் ஏ.டி.எம்., கார்டு தேய்க்கும் மெஷின் இரண்டும் சேர்ந்து படுத்துவிட்டன. இன்றைக்கு நிலைமை இன்னும் மோசம் என்றுதான் சொல்வேன். இளநீர் வண்டியிலும் க்யூ.ஆர். அட்டை தொங்குகிறது, பர்ஸே இல்லாமல் வெளியே போகிறோம். செல்போன் டவருக்கும் கரண்ட் வேண்டும். அதிலுள்ள பேட்டரி சில மணி நேரம்தான் தாங்கும். அதனால் வீட்டில் இரண்டாயிரம் ரூபாயாவது ரொக்கமாக இருக்கட்டும். அதுவும் பத்து, இருபது, ஐம்பது, நூறாக. ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் அன்றைக்கு எந்தக் கடையிலும் சில்லறை இருக்காது.

அடுத்தது தண்ணீர். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த கஜா புயல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. டெல்டா கிராமங்கள் பலவற்றில் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. மோட்டார் ஓடாததால் மேல்நிலைத் தொட்டி காலி. ஜெனரேட்டரைக் கொண்டுவந்துதான் தண்ணீர் ஏற்ற வேண்டியிருந்தது. கயிறும் வாளியும் உள்ள கிணறு, பழைய அடிபம்பு, இவை இருந்த தெருக்காரர்கள் பிழைத்தார்கள். மாடியில் பிளாஸ்டிக் தொட்டி வைத்திருப்பவர்கள் புயலுக்கு முன் அதை விளிம்பு வரை நிரப்பிவிடுங்கள். தண்ணீருக்கும் ஆச்சு, காலித் தொட்டியைத்தான் காற்று தூக்கிக்கொண்டு போகும், நிறைந்த தொட்டி அசையாது. தரையடிச் சம்ப்பை மட்டும் நம்பாதீர்கள். தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றால் சாக்கடையும் கலந்து அதற்குள் இறங்கிவிடும். வெள்ளம் வடிந்த பிறகு அதை இறைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவாமல் மோட்டாரைப் போட்டால், அந்தத் தண்ணீர் நேரே சமையலறைக் குழாய்க்கு வந்துவிடும்.

மருந்து விஷயம் இன்னும் நுணுக்கமானது. ஃபிரிட்ஜ் நின்றதும் இன்சுலின் கெட்டுவிட்டது என்று பதறித் தூக்கி எறிகிறவர்கள் உண்டு. பயன்படுத்த ஆரம்பித்த இன்சுலினில் பெரும்பாலானவை முப்பது டிகிரிக்குள் சுமார் நான்கு வாரம் தாங்கும். உங்களுடையது எந்த வகை என்று மருந்துக் கடையில் இப்போதே கேட்டு வையுங்கள். ஈர மணல் பரப்பிய மண்பானைக்குள், மருந்து நனையாதபடி ஒரு டப்பாவில் போட்டு வைப்பது நல்ல வழி. ஐஸ் கட்டியோடு ஒட்ட வைக்கக் கூடாது. உறைந்துபோன இன்சுலின் பயன்படாது. மாத்திரைகளின் பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதி வைக்கலாம். முகாமுக்கு வரும் டாக்டரிடம் போய், "வெள்ளையா, சின்னதா இருக்கும் சார், ராத்திரி ஒண்ணு" என்று சொன்னால் அவர்தான் என்ன செய்வார்?

அதே தாளின் பின்பக்கத்தில் மகன், மகள், பக்கத்துத் தெரு உறவினர் ஆகியோரின் போன் நம்பர்கள். சார்ஜ் போன செல்போனுக்குள் எத்தனை நம்பர் இருந்தும் பலனில்லை. கூடவே மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070.

வானொலியில் உட்கார்ந்துகொண்டு சொல்வதால் சொந்த வியாபாரம் என்று நினைக்க வேண்டாம்: பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன டிரான்சிஸ்டர் வாங்கி வையுங்கள். செல்போனில் எஃப்.எம். இருக்கிறதே என்பீர்கள். வயர் உள்ள இயர்போனைச் சொருகினால்தான் பெரும்பாலான போன்களில் அது எடுக்கும். அந்த வயர்தான் ஏரியல். இப்போது வரும் போன்கள் பலவற்றில் சொருகும் துளையே கிடையாது.

இதெல்லாம் நாம் வீட்டில் இருந்தால். பயணத்தில் மாட்டிக்கொண்டால்? 2023 டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழை அது. தண்டவாளத்துக்கு அடியிலிருந்த மண்ணையே அரித்துக்கொண்டு போனது. சுமார் 800 பயணிகள். ஹெலிகாப்டரில் உணவுப் பொட்டலம் வந்தது. ஆனால் அவரவர் சாப்பிடும் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை ஹெலிகாப்டரில் வராது. ஒரு ராத்திரிப் பயணம்தானே என்று ஒரு வேளை மாத்திரையோடு கிளம்புகிற பெரியவர்கள் பையில் மூன்று நாள் மாத்திரை கூடுதலாக இருக்கட்டும்.

அடுக்குமாடிக்காரர்களுக்கு ஒன்று. வெள்ளம் ஏறினால் ஒதுங்க வேண்டியது மொட்டை மாடிக்கு. அதன் கதவோ எப்போதும் பூட்டித்தான் இருக்கும். சாவி வாட்ச்மேனிடம். மழை வலுத்தால் வாட்ச்மேனும் தன் வீட்டைப் பார்க்கப் போய்விடுவார், போகத்தானே வேண்டும். மேல்மாடியில் குடியிருக்கும் யாராவது ஒருவரிடம் மாற்றுச் சாவி இருக்கிறதா என்று இன்றைக்கே விசாரியுங்கள்.