வீட்டில் கற்கும் பிள்ளையும் சட்டத்தின் வாயிலும்

 

திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் நோக்கிச் செல்லும் சாலையில் விடியுமுன்னரே தொழிலகப் பேருந்துகள் நிரம்பிவிடுகின்றன. 1998 முதல் இருங்காட்டுக்கோட்டையிலும், 2010 முதல் ஒரகடத்திலும் மகிழுந்துகள் உருவாகி வெளியேறுகின்றன. வல்லம், வடகால் வரை தொழிலகங்கள் படர்ந்துவிட்டன. ஏரிப்பாசனத்தில் நெல் விளைந்த மண் இது. இம்மண்ணில் வாழும் தமிழ்க் குடும்பம் தன் பிள்ளைக்கு எம்மொழியில் கல்வி தருவது? அரசுப் பள்ளிகளிலேயே 2012-13 முதல் ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருக்கப்பட்டன. தனியார் பள்ளிகளைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. இந்நிலையில்தான் தமிழுணர்வுடைய பெற்றோர் சிலர், "பிள்ளையை வீட்டிலேயே வைத்துத் தமிழ்வழியிற் கற்பித்தால் என்ன? சட்டம் விடுமா?" என்று வினவுகின்றனர். வினா நன்று. ஆயின் விடையை முழுதும் அறிந்த பின்னரே இதில் இறங்குதல் வேண்டும்.

கட்டணமில்லாக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009 இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்பிரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆறு முதல் பதினான்கு அகவை வரையுள்ள பிள்ளைகளுக்கு உரியது அது. பிள்ளையை அண்மைப் பள்ளியிற் சேர்ப்பது பெற்றோர் கடமை என அதன் 10 ஆம் பிரிவு கூறுகின்றது. ஆனால், சேர்க்காத பெற்றோருக்கு அச்சட்டம் ஒறுப்பு எதனையும் விதிக்கவில்லை. இல்லக்கல்வி என்ற சொல்லே அதில் இல்லை. 2012 இல் தில்லி உயர் அறமன்றத்தில் நடந்த ஒரு வழக்கில், தாமே விரும்பி வீட்டுக்கல்வியை மேற்கொள்வார்க்கு இச்சட்டம் தடையன்று என நடுவண் அரசு உறுதியுரை அளித்தது. உறுதியுரை வேறு, சட்டத்தின் வரி வேறு. தமிழ்நாட்டுக்கென 1994 ஆம் ஆண்டின் கட்டாயத் தொடக்கக் கல்விச் சட்டம் ஒன்றும் உண்டு. அதனையும் வழக்குரைஞர் ஒருவரிடம் காட்டித் தெளிந்துகொள்வதே அறிவுடைமை. இங்கிலாந்து தன் 1996 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் பள்ளிக்கு வெளியே கற்பதற்கும் வெளிப்படையாக வழி விட்டது. செருமனியோ பள்ளிக்கு வந்தே தீரவேண்டும் என்கின்றது. இந்தியச் சட்டம் இரண்டுக்கும் இடையில் வாய்மூடி நிற்கின்றது.

அதே சட்டத்தின் 29 ஆம் பிரிவில், பயிற்றுமொழி 'இயன்றவரை' தாய்மொழியாதல் வேண்டும் என்றும் உள்ளது. அந்த 'இயன்றவரை' என்னும் பொந்து ஆங்கிலவழிப் பள்ளிகளுக்கு இடம் விட்டது!

ஒன்றில் மட்டும் மிகுந்த விழிப்பு வேண்டும். தம் பிள்ளைக்குத் தாமே கற்பிப்பது வீட்டுக்கல்வி. தெருப்பிள்ளைகளையெல்லாம் சேர்த்து, ஓர் அறை பிடித்து, பள்ளியைப் போல நடத்தினால் அது அரசின் ஏற்புப் பெறாத பள்ளியாகக் கொள்ளப்படலாம். 18 ஆம் பிரிவின்படி அதற்கு ஓர் இலக்கம் உருபா வரை தண்டம்; தொடர்ந்து நடத்தினால் நாள் ஒன்றுக்குப் பத்தாயிரம். நல்லெண்ணம் அங்கே காவாது.

சான்றிதழுக்கு என் செய்வது? தமிழ்நாட்டு அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் எட்டாம் வகுப்புத் தேர்வைப் பன்னிரண்டரை அகவை நிரம்பிய பிள்ளை தனித்தேர்வராக எழுதலாம். அதில் தேறிப் பதினான்கரை நிரம்பியபின் பத்தாம் வகுப்பை எழுதலாம். அறிவியலுக்குச் செய்முறைப் பயிற்சி உண்டு; அதற்கு முன்கூட்டியே பதிவு செய்தல் வேண்டும். இதை மறந்து ஓராண்டை இழப்போர் உளர். தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் வழியும் உள்ளது. அங்கே தமிழ் ஒரு மொழிப்பாடம். அதன் சான்றிதழ் தமிழ்நாட்டு அரசுப் பணிக்கு ஏற்கப்படுமா என்பதை மட்டும் முதலிலேயே எழுத்தில் கேட்டறிக.

இனிச் சொல்லப்போவது நெஞ்சை உறுத்துவது. தமிழ்வழியிற் பயின்றார்க்கு அரசுப் பணிகளில் நூற்றுக்கு இருபது இடம் முன்னுரிமையாக 2010 இல் சட்டமாயிற்று. 2020 இல் வந்த திருத்தம், கல்லூரிப் பட்டம் மட்டுமன்றிப் பள்ளிப் படிப்பும் தமிழ்வழியதாதல் வேண்டும் என்றது. திருத்தம் நேரியதே. ஆயின் அதற்குச் சான்று தருவது பள்ளி. பத்தாண்டுகள் தாயிடம் தூய தமிழிற் கற்ற பிள்ளைக்குக் கையொப்பமிடத் தலைமையாசிரியர் எங்கே? தமிழுக்காகப் பள்ளியை விட்ட பிள்ளை, தமிழுக்கென ஒதுக்கிய இடத்தையே இழக்க நேரலாம். இதை எண்ணாமல் எந்தப் பெற்றோரும் முடிவெடுத்தல் ஆகாது.

மற்றொன்று, கற்பிப்பார் யார்? கணவன் இரவு முறை ('சிப்டு' என்றே தொழிலாளர் சொல்வர்), மனைவி மின்னணுத் தொழிலகத்திற் பகல் முறை என்றால் பாடம் நடவாது. அன்னார்க்கு அண்மையிலுள்ள அரசுப் பள்ளியின் தமிழ்வழிப் பிரிவே உற்ற துணை. அப்பிரிவு ஆளின்றி மூடப்படாமற் காப்பதும் அவர்கள் பிள்ளைகளே. வீட்டில் தொடங்கி இயலாமற் போனால் திரும்பும் வாயிலும் அடைபடவில்லை. அகவைக்கேற்ற வகுப்பிற் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தர 4 ஆம் பிரிவு கட்டளையிடுகின்றது.

வீட்டுக்கல்வியை மேற்கொள்ள இயன்றவர்க்குக் கருவிகள் குறைவில்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்களை இணையத்திற் கட்டணமின்றிப் பெறலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் உண்டு; காஞ்சிபுரத்தில் மாவட்ட மைய நூலகம் உண்டு. ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில் 2022 இல் அகழாய்வு நடந்தது. நரசிம்மவர்ம பல்லவன் புலிகேசியோடு பொருத மணிமங்கலம் அருகிலேயே உள்ளது. உத்திரமேரூர்க்குச் சென்று, பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகளின் முன் பிள்ளையை நிறுத்துங்கள். 919, 921 ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்டவை அவை. வாரிய உறுப்பினர்க்கு என்ன தகுதி, எவ்வளவு நிலம், எத்தனை அகவை என அனைத்தும் அச்சுவரில் உள்ளன. பிள்ளையே எழுத்துக் கூட்டிப் பார்க்கட்டும்.

வீட்டிற் கற்பிப்போர் நாள்தோறும் நடத்திய பாடத்தை ஒரு குறிப்பேட்டில் நாளிட்டு எழுதி வருக. பிள்ளைக்கு ஆறு அகவை நிரம்புமுன்னரே, அந்த இருபது விழுக்காட்டு ஐயத்தை மாவட்டக் கல்வி அலுவலர்க்கும் அரசுத் தேர்வுகள் இயக்ககத்திற்கும் மடலாக எழுதி, விரைவஞ்சலில் விடுக்க. வரும் விடையையும் அஞ்சல் பற்றுச்சீட்டையும் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து வைக்க.