கொழும்புக்குக் குடிபோகும் முன் ஒரு நாள் போய்ப் பாருங்கள்

(ஹட்டன் பகுதித் தோட்டமொன்றில் நடந்த கிளைக் கூட்டத்தில், நமது சங்கத்தின் கொழும்புத் தொடர்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



இந்த டிவிசனில் தீபாவளிக்குப் பிறகு மூன்று குடும்பங்கள் கொழும்புப் பக்கம் போய்விட்டதாகத் தலைவர் சொன்னார். இன்னும் இரண்டு குடும்பங்கள் சாமான் கட்டி நிற்கின்றனவாம். அவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறார்கள். யார் என்று நான் கேட்கப் போவதில்லை. அவர்களுக்காகத்தான் இன்று பேசுகிறேன்.

சங்கக்காரன் வந்தால் "தோட்டத்தை விட்டுப் போகாதே" என்றுதான் சொல்வான் என்று நினைத்திருப்பீர்கள். அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. நானே போனவன். பிள்ளையின் படிப்புக்காக, ஒரு மாதச் சம்பளத்தைக் கையில் முழுசாகப் பார்ப்பதற்காக ஒருவர் போவதைச் சங்கம் தடுக்க முடியாது. ஆனால் எங்கே போகிறோம் என்று தெரியாமல் போவதைத் தடுக்கலாம்.

ஏனென்றால் நம்மில் யாரும் "கொழும்புக்கு" போவதில்லை. கொழும்புக்குள் வாடகை கொடுத்து நமக்குக் கட்டாது. நாம் போவது கொழும்பைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு. வத்தளைக்கு, வெல்லம்பிட்டிக்கு, இரத்மலானைக்கு, மஹரகமைக்கு, கட்டுநாயக்காவுக்கு. எல்லாவற்றையும் சேர்த்துக் கொழும்பு என்கிறோம். அங்கே போய் இருந்து பார்த்தால்தான் ஒன்றுக்கு ஒன்று எவ்வளவு வித்தியாசம் என்று தெரிகிறது.

நான் எப்படித் தெரிந்துகொண்டேன் என்று சொல்கிறேன். 2015 கடைசியில் மனைவியையும் கைப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வெல்லம்பிட்டியில் ஓர் அறை எடுத்தேன். ஏன் வெல்லம்பிட்டி? எங்கள் தோட்டத்து அண்ணன் ஒருவர் அங்கே இருந்தார். வாடகையும் குறைவு. வேறு எதையும் நான் விசாரிக்கவில்லை. சுவரில் இடுப்பு உயரத்தில் ஒரு கறைக்கோடு இருந்தது. பழைய பெயின்ற் என்று நினைத்துக்கொண்டேன்.

2016 மே மாதம். யட்டியந்தோட்டைப் பக்கத்திலிருந்து அம்மா போன் எடுத்தார். "தம்பி, இங்கே விடாமல் அடைமழை, ஆறு நிறைஞ்சு ஓடுது" என்றார். நான், "கவனமாக இருங்கம்மா" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன். அம்மா பார்த்த அந்தத் தண்ணீர் என் வீட்டுக்குத்தான் வந்துகொண்டிருந்தது என்பது எனக்குத் தெரியவில்லை. மஸ்கெலி ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை. நம் மலையில் பெய்யும் மழை, கித்துல்கலை, யட்டியந்தோட்டை, அவிசாவளை, ஹங்வெல்லை, கடுவெலை என்று இறங்கிக் கொலன்னாவைக்கும் வெல்லம்பிட்டிக்கும் வருகிறது. அந்தக் கறைக்கோடு முன்னைய வெள்ளம் போட்டுவிட்டுப் போன கோடு. எங்கள் வெள்ளம் அதற்கும் மேலே ஏறியது. பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு வெளியேறினோம். துணிப்பெட்டிக்குள் இருந்த பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, கிளினிக் கொப்பி எல்லாம் சேறாகிவிட்டன. முற்பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு வீட்டுக்காரர், "ஒப்பந்தம் எங்கே?" என்று கேட்டார். ஒப்பந்தம் எழுதவே இல்லை.

அதற்குப் பிறகு நான் நான்கு இடம் மாறினேன். அந்த அனுபவத்தில், கொழும்பைச் சுற்றி ஒரு தரம் உங்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

முதலில் களனி கங்கையின் கரையோரம். கொலன்னாவை, வெல்லம்பிட்டி, கொட்டிகாவத்தை, கடுவெலை. நகரத்துக்குக் கிட்ட, வாடகை குறைவு, நம் ஆட்களும் முஸ்லிம் மக்களும் நிறைய. ஆனால் பள்ளமான இடங்களில் வெள்ளம் திரும்பத் திரும்ப வரும். குப்பையையும் மறக்கக் கூடாது. 2017 சித்திரைப் புத்தாண்டு அன்று, ஏப்ரல் 14ஆம் திகதி, கொலன்னாவைப் பக்கம் மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து 30 பேருக்கு மேல் இறந்தார்கள். வாடகை குறைந்த இடத்தில்தானே ஏழைகள் குடியிருந்தார்கள். அதற்காக அந்தப் பக்கம் போகவே கூடாது என்று சொல்லவில்லை. மேட்டு நிலமும் அங்கே உண்டு. எந்த ஒழுங்கை, எந்த மாடி என்பதைப் பார்க்க வேண்டும்.

வடக்கே ஆற்றைத் தாண்டினால் பேலியகொடை, வத்தளை, ஹெந்தளை, மாபோலை. தமிழ்ப் பேச்சு கேட்கும், கோவில், தேவாலயம் இருக்கும், கடையில் சிங்களம் தெரியாமலும் சமாளிக்கலாம். இதனால்தான் நம்மவர்கள் வத்தளையை விரும்புகிறார்கள். ஆனால் வத்தளை டவுனில் புகையிரத நிலையம் இல்லை. கோச்சிக்கு ஹுனுப்பிட்டிக்கோ எந்தேரமுல்லைக்கோ போக வேண்டும். பஸ் என்றால் காலையில் நீர்கொழும்பு வீதியில் களனிப் பாலத்தைத் தாண்டும் வரை நிற்க வேண்டும். முத்துராஜவெல சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதிகளில் மழைக்குத் தண்ணீர் வடியாது.

இன்னும் வடக்கே ராகமை, ஜா-எல, சீதுவை, கட்டுநாயக்கா. ராகமை மலையகக் கோச்சி வரும் பாதையிலேயே இருக்கிறது. அங்கிருந்துதான் நீர்கொழும்புப் பாதை பிரிகிறது. பெரிய அரசாங்க ஆஸ்பத்திரியும் ராகமையில் உண்டு. கட்டுநாயக்காவில் 1978 முதல் சுதந்திர வர்த்தக வலயம் இயங்குகிறது. நம் தங்கச்சிமார் பலர் அங்கே போடிங்கில் இருந்து வேலை செய்கிறார்கள். தனியாக இருக்கும் பிள்ளைக்குப் போடிங் சரிவரலாம். குடும்பத்துக்குச் சரிவராது. ஓர் அறையில் எத்தனை பேர், குளிக்கும் இடத்துக்குப் பூட்டு இருக்கிறதா, இரவு வேலை முடிந்து வரும் வழியில் வெளிச்சம் இருக்கிறதா என்று தாய்மார் நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

தெற்கே கடலோரம் தெஹிவளை, கல்கிசை, இரத்மலானை, மொறட்டுவை. கோச்சிப் பாதை கடலை ஒட்டியே போகிறது. ரயில் கிட்ட, ஆஸ்பத்திரி களுபோவிலையில். வெள்ளவத்தையில் தமிழ்ப் பாடசாலைகள் உண்டு, இரத்மலானையில் இந்துக் கல்லூரி உண்டு. இவ்வளவு வசதிக்கும் விலை வாடகைதான். தெஹிவளையில் ஓர் அறைக்குக் கொடுக்கும் காசுக்கு வேறு இடத்தில் ஒரு சின்ன வீடே கிடைக்கும். இரத்மலானை, மொறட்டுவைப் பக்கம் தொழிற்சாலைகளும் தச்சுப் பட்டறைகளும் இருப்பதால் அங்கேயே வேலை கிடைப்பவர்களுக்கு நல்லது.

கிழக்கே நுகேகொடை, மஹரகமை, கொட்டாவை, ஹோமாகமை. களனிவெளிப் புகையிரதப் பாதை இந்த ஊர்களின் வழியாகப் போகிறது. உள்ளே போகப் போக வாடகை குறையும். ஆனால் தமிழ்மொழிப் பாடசாலை கிடைப்பது கஷ்டம். அதே பாதையின் கடைசியில் அவிசாவளை. இறப்பர்த் தோட்டங்கள் உள்ள பகுதி என்பதால் நம் மக்களும் இருக்கிறார்கள், புவக்பிட்டி போன்ற இடங்களில் தமிழ்ப் பாடசாலையும் இருக்கிறது, ஹட்டன் பஸ்ஸும் அவ்வழியே வருகிறது. ஆனால் கொழும்புக்கு வேலைக்குப் போய்வர 60 கிலோமீற்றர் அளவு தூரம்.

இப்போது எது நல்ல ஊர் என்று கேட்பீர்கள். எல்லோருக்கும் நல்ல ஊர் என்று ஒன்று கிடையாது. உங்கள் வேலை எங்கே, பிள்ளை எந்த வகுப்பு, வீட்டில் எத்தனை பேர் சம்பாதிக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும். ஆனால் கணக்குப் பார்க்கும் முறை ஒன்றுதான்.

வாடகையை மட்டும் பார்க்காதீர்கள். வாடகையோடு பஸ் காசையும் கூட்டுங்கள். ஓர் உதாரணம் சொல்கிறேன், விலை நான் கணக்குக்காக வைத்தது. வேலைக்கு நடந்து போகும் தூரத்தில் ஒரு வீடு 25,000 ரூபா. தூரத்தில் ஒரு வீடு 15,000 ரூபா. பத்தாயிரம் மிச்சம் என்று தூரத்து வீட்டுக்குப் போகிறீர்கள். கணவன் மனைவி இரண்டு பேரும் வேலை. ஒருவருக்குப் போக வர 250 ரூபா என்றால் 26 நாளைக்கு 6,500. இரண்டு பேருக்கு 13,000. இப்போது மலிவான வீடு 28,000 ஆகிவிட்டது. தினமும் மூன்று மணி நேரம் பஸ்ஸில் நிற்பது வேறு. பிள்ளை பாடசாலை விட்டு வந்து பூட்டிய கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது அதைவிட வேறு.

அடுத்தது மின்சார மீட்டர். நம்மவர்கள் எடுக்கும் இடங்களில் ஒரே மீட்டரில் மூன்று நான்கு குடும்பங்கள் இருக்கும். அலகு கூடக் கூட, ஓர் அலகின் விலையும் கூடும். தனியாக இருந்தால் குறைந்த கட்டணத்தில் வரும் நீங்கள், சேர்ந்திருப்பதால் கூடிய கட்டணம் கட்டுவீர்கள். தனி மீட்டரா என்று முதலிலேயே கேளுங்கள்.

மூன்றாவது பாடசாலை. வீடு எடுத்த பிறகு பாடசாலை தேடாதீர்கள். பாடசாலையில் இடம் உண்டா என்று அதிபரைக் கண்டு பேசிய பிறகு வீடு தேடுங்கள். முதலாம் ஆண்டுக்குச் சேர்ப்பதென்றால் வதிவிடத்துக்கு அத்தாட்சி கேட்பார்கள். வாக்காளர் இடாப்பு, வாடகை ஒப்பந்தம், பட்டியல்கள் எல்லாம் பார்ப்பார்கள். போன மாதம் வந்தவனுக்கு அது சுலபமில்லை.

நான்காவது ஒப்பந்தம். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வாடகை ஒப்பந்தம் நொத்தாரிசு முன் எழுதப்பட்டால்தான் சட்டத்தின் முன் நிற்கும். முற்பணம் எவ்வளவு, எப்போது திருப்பித் தருவார் என்பது அதில் இருக்க வேண்டும். சிங்களத்தில் எழுதியிருந்தால் தெரிந்தவரைக் கொண்டு வாசித்துக் கேட்காமல் கையெழுத்து வைக்காதீர்கள்.

ஐந்தாவதாக, வீட்டைப் பகலில் ஒரு தரமும் மாலை இருட்டியபின் ஒரு தரமும் பாருங்கள். மழை நாளாக இருந்தால் இன்னும் நல்லது. சுவரில் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்காரரிடம் "வெள்ளம் வருமா?" என்று கேட்டால் "வராது" என்பார். பக்கத்துக் கடைக்காரரிடம், "போன வெள்ளத்துக்கு எவ்வளவு உயரம் வந்தது?" என்று கேளுங்கள். உண்மை தானாக வரும்.

கொழும்பில் நெருக்கமான குடியிருப்புகள் பலவற்றின் பெயர் "வத்த" என்று முடியும். வத்த என்றால் தோட்டம். லயத்துக் காம்பராவை விட்டுப் போன நாம், ஒரு பொதுக் குழாய்க்கு வரிசையில் நிற்கும் இன்னொரு தோட்டத்தில், அதுவும் வாடகை கொடுத்து, போய் விழக் கூடாது.

கடைசியாக, தோட்டத்தில் நீங்கள் விட்டுப் போவதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் கொள்ளாமல் போகாதீர்கள். பெரட்டுக்கு வராமல் நின்றால் "வேலையைக் கைவிட்டார்" என்று எழுதிவிடுவார்கள். எழுத்தில் விலகல் கடிதம் கொடுத்து, பிரதியில் கையெழுத்து வாங்குங்கள். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 5 வருடம் பூர்த்தியான நாட்சம்பளத் தொழிலாளிக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் சேவைக்காலப் பணமாக உண்டு. 20 வருடம் கொழுந்து பறித்த அக்காவுக்கு அது 280 நாள் சம்பளம். விலகி 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். அந்தக் காசை விட்டுவிட்டுப் போய், கொழும்பில் முற்பணத்துக்கு வட்டிக்கு வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

சேமலாப நிதி இலக்கத்தையும் அடையாள அட்டையில் உள்ள பெயரையும் ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். புதிய வேலை சின்னக் கடையாக இருந்தாலும் முதலாளி 12 வீதமும் நீங்கள் 8 வீதமும் சேமலாப நிதிக்குக் கட்ட வேண்டும், நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம் கட்ட வேண்டும். "எங்கள் கடையில் அதெல்லாம் இல்லை" என்றால் எங்களுக்குச் சொல்லுங்கள்.

வாக்காளர் இடாப்பில் இங்கே பெயரை வெட்டுவது என்றால் அங்கே பதிந்த பிறகுதான். இரண்டிலும் இல்லாமல் நிற்காதீர்கள். காணிக்கும் வீட்டுக்கும் பெயர் கொடுத்தவர்கள், கமிட்டித் தலைவரிடம் பேசாமல் காம்பராவைப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். வயதான அப்பா அம்மாவை இங்கே விட்டுப் போவதென்றால் யார் பெயரில் காம்பரா இருக்கிறது என்பதைத் தெளிவாக்கிவிட்டுப் போங்கள்.

கூட்டம் தொடங்குமுன் ஓர் அம்மா என் கையைப் பிடித்து, "மகன் கூப்பிடுறான் தம்பி, போகவா?" என்று கேட்டார். அம்மா, போங்கள். ஆனால் சாமானோடு போகாதீர்கள். முதலில் வெறுங்கையோடு இரண்டு நாள் போய் இருந்து பாருங்கள். மகன் வேலைக்குப் போகும் பஸ்ஸில் நீங்களும் ஏறிப் பாருங்கள். திரும்பி வந்து சொல்லுங்கள், பிறகு சேர்ந்து முடிவெடுப்போம்.

விலகல் கடிதம் எழுத, ஒப்பந்தம் வாசிக்க, கிளைக் காரியாலயத்துக்கு வாருங்கள். கொழும்புக்குப் போனாலும் நீங்கள் தொழிலாளிதான். நமது சங்கம் அங்கேயும் இருக்கிறது.