மின்சாரம் தாங்கும் காகிதம்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

ஏடும் எழுத்தும் நம் முன்னோர்க்கு மறுக்கப்பட்டிருந்தன. கால் நூற்றாண்டாக இச்சங்கம் அவற்றை நம் பிள்ளைகளின் கைகளில் சேர்த்து வருகின்றது. அந்தக் காகிதம் இன்று எழுத்தோடு மின்சாரத்தையும் தாங்குகின்றது. அது குறித்தே சில சொல்ல விழைகின்றோம்.

மென்மையான பென்சிலால் தாளில் தடித்த கோடு ஒன்று இட்டு, அதன் வழியே 9 வோல்ட் மின்கலத்தைச் சிறிய எல்.இ.டி. விளக்கோடு இணைத்தால் விளக்கு எரியும். பென்சிலின் கரி மின்சாரத்தைக் கடத்துகின்றது. தாள் அதனைத் தாங்குகின்றது. தத்துவம் இவ்வளவே.

கைப்பேசி முதலிய கருவிகளினுள் இருக்கும் பலகை, பெரும்பாலும் கண்ணாடி இழையும் எபாக்சிப் பிசினும் சேர்ந்தது. அதன்மேல் செப்புத் தகட்டைப் பதித்து, வேண்டாத பகுதியை வேதிக் கரைசலால் அரித்து நீக்குகின்றனர். அப்பலகை மண்ணில் மக்குவதில்லை. அச்சு முறையிலோ, வெள்ளித் துகளோ கரியோ கலந்த மையை வேண்டிய இடத்தில் மட்டுமே இடுகின்றனர், வீணாவது குறைகின்றது. 2008-இல் லிஸ்பன் நோவா பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் எல்விரா ஃபோர்ச்சுனாட்டோ, ரோட்ரிகோ மார்ட்டின்ஸ் ஆகியோரின் குழுவினர் காகிதத்தின் மீதே டிரான்சிஸ்டரை அமைத்துக் காட்டினர். அதில் காகிதம் அடித்தளமாக மட்டுமன்றி, மின்கடத்தாப் படலமாகவும் பணியாற்றியது.

குறைகளும் உண்டு. காகிதம் ஈரத்தை உறிஞ்சும், மையைப் பரவவிடும், மிகுந்த வெப்பம் தாங்காது. ஆகவே மேற்பூச்சும், குறைந்த வெப்பத்தில் இறுகும் மையும் தேவைப்படுகின்றன. வெள்ளியை மீட்டெடுக்கவும் வேண்டும். எனவே இது கணினிக்கு மாற்றன்று. சரக்கு அடையாளச் சீட்டு, நோயறியும் சோதனைத் தாள் போன்று சில நாள் பயன்பட்டுக் கழிபவற்றுக்கே ஏற்றது.

இதில் நமக்கென்ன என்று கேட்கலாம். 2022-இல் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 லட்சம் டன். அதில் நூற்றுக்கு 22 பங்கே முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கு உள்ளது. எஞ்சியதில் ஒரு பகுதியை ஏழைகளே வெறுங்கையால் உடைக்கின்றனர். செம்புக்காகக் கம்பிகளை எரித்து நச்சுப்புகையைச் சுவாசிக்கின்றனர். நம் நாட்டில் குப்பை அள்ளும் வேலை யார் தலையில் சுமத்தப்பட்டது என்பதை இவ்வவைக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை.

அக்கைகளுக்குக் கையுறையும் நியாயமான கூலியும் கேட்பது நம் கடமை. குப்பையே குறையும்படி பொருளை வடிவமைக்கும் இடத்தில் நம் பிள்ளைகள் அமர்வதும் நம் கடமையே. இளைஞர்களே! வேதியியலைக் கண்டு அஞ்சாதீர்கள். அச்சுத் தொழில்நுட்பம் சென்னைக் கிண்டிப் பொறியியற் கல்லூரியிலேயே பயிற்றப்படுகின்றது. அங்கு விண்ணப்பிக்கும் பிள்ளைக்கு வழிகாட்டுவதை இச்சங்கம் தன் அடுத்த பணியாக ஏற்க வேண்டும் எனக் கேட்டு அமர்கின்றோம்.