வானேறிய இன்முகம்



விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர், அதில் முகமலர்ச்சியை முதன்மையாகக் கருதுகிறார். அந்த இன்முகம் வானேறிய வரலாறு ஒன்றுண்டு.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பிறந்த எல்லன் சர்ச், செவிலியர். விமானம் ஓட்டவும் கற்றவர். 1930-ஆம் ஆண்டில் போயிங் விமானப் போக்குவரத்து நிறுவனத்திடம் விமானி வேலை கேட்டார். பெண் என்பதால் அது கிட்டவில்லை. மனந்தளராத அவர், பயணிகளின் அச்சம் தணிக்கச் செவிலியரை அமர்த்தலாமே என்றார். நிறுவனம் இசைந்தது. ஆனால் அவ்வேலைக்கு வருவோர் மணமாகாதவராய், 25 வயதைக் கடவாதவராய் இருத்தல் வேண்டும் என்றும் விதித்தது.

அவ்வாண்டு மே 15 அன்று, உலகின் முதல் விமானப் பணிப்பெண்ணாக அவர் பணி ஏற்றார். ஓக்லாந்திலிருந்து சிகாகோவரை 20 மணி நேரப் பயணம். இடையில் 13 நிறுத்தங்கள். பயணிகள் 14 பேர். தாழப் பறந்து குலுங்கிய அக்கால விமானங்களில் குமட்டலும் நடுக்கமும் இயல்பு. உணவு பரிமாறுவதும் உடல்நலம் பேணுவதும் அஞ்சியோரைத் தேற்றுவதும் அவர் கடமைகளாயின.

ஓட்டத் தெரிந்தவருக்கு ஓட்டும் இருக்கை மறுக்கப்பட்டது. பிறருடைய அச்சத்தைத் தணிக்கும் பொறுப்பே வாய்த்தது. நெடும்பயணத்தை இனிதாக்கும் புன்னகையைப் பாடும் கவிஞர்கள், அதன் பின்னே மறுக்கப்பட்ட அவ்விருக்கையையும் பாடுதல் வேண்டும். அதுவே அந்த இன்முகத்திற்கு நாம் செய்யும் கைம்மாறு.