சிறு குழந்தைகளின் கண் பரீக்ஷையும் முதல் மூக்குக் கண்ணாடியும்



கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையில் உள்ள சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றி குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம் முதலிய கிராமங்கள் இருக்கின்றன. அங்கே ரசாயனச் சாலைகளில் வேலை செய்கிறவர்கள் திராவகம் தெறிக்காதபடி கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணிகிறார்கள். இரும்பு ஒட்டுகிறவன் முகமூடியில்லாமல் தீப்பொறியின் முன் நிற்பதில்லை. தகப்பனார் தம் கண்ணை இவ்வளவு ஜாக்கிரதையாகக் காத்துக்கொள்ள, வீட்டிலுள்ள நான்கு வயதுக் குழந்தைக்குக் கண் தெரிகிறதா என்று ஒருவரும் சோதித்துப் பார்ப்பதில்லை.

பெரியவர்களுக்குப் பார்வை மங்கினால் அவர்களே முறையிடுவார்கள். குழந்தை முறையிடாது. பிறந்தது முதல் மங்கலாகவே பார்த்துவரும் குழந்தை, உலகமே அப்படித்தான் இருக்கிறதென்று எண்ணிக்கொள்ளும். ஒரு கண் நன்றாகவும் மற்றொரு கண் மங்கலாகவும் இருந்துவிட்டால், வீட்டாருக்கு ஐயமே தோன்றாது. குழந்தை ஓடும், ஆடும், கீழே விழுந்த ஊசியையும் எடுத்துக்கொடுக்கும். எல்லாம் அந்த ஒற்றைக் கண்ணின் வேலை.

இதில் உள்ள அபாயம் யாதெனில், மங்கலான கண்ணிலிருந்து வரும் உருவத்தை மூளை ஏற்றுக்கொள்ளாமல் தள்ளிவிடுகிறது. பல வருஷம் இவ்வாறு தள்ளப்பட்ட கண், பார்க்கக் கற்காமலே நின்றுவிடும். இதனை வைத்தியர்கள் சோம்பற்கண் என்பார்கள். ஏழு வயதுக்குள் கண்டுபிடித்தால் கண்ணாடியினாலும், நல்ல கண்ணை நாளொன்றுக்குச் சில மணி நேரம் மூடிவைப்பதனாலும் பெரும்பாலும் சீராக்கலாம். அதற்குப் பிறகு பலன் குறைந்துகொண்டே போகும். இருபது வயதில் எவ்வளவு விலையுயர்ந்த கண்ணாடி வாங்கினாலும், கற்காத கண் கற்காததே. ஆகையால், “பள்ளிக்கூடம் சேர்ந்து எழுத்துப் படிக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்பது மிகவும் தவறான எண்ணம்.

எழுத்துத் தெரியாத குழந்தையை எப்படிச் சோதிப்பார்கள் என்று கேட்கலாம். ஆங்கில ‘ஈ’ எழுத்தைப் பல திசைகளில் திருப்பி எழுதிய அட்டையை 6 மீட்டர் தூரத்தில் வைத்து, அதன் கால்கள் எப்பக்கம் நீள்கின்றன என்று கையால் காட்டச் சொல்லுவார்கள். இன்னும் சிறு குழந்தைக்குப் படங்கள் உண்டு. ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே சோதிப்பதே முக்கியம். பின்பு சொட்டு மருந்து விட்டுப் பாவையை விரியச் செய்து, உள்ளே ஒளி செலுத்தி அளவெடுப்பார்கள். இதற்குக் குழந்தை பதில் சொல்லவே வேண்டியதில்லை. மருந்து விட்டபின் சில மணி நேரமோ, மருந்துக்கேற்பச் சில நாட்களோ கண் கூசும். கிட்டப் பார்வை மங்கும். அதனைக் கண்டு அஞ்சவேண்டாம்.

வீட்டிலேயே தாயார் செய்யக்கூடிய சோதனை ஒன்றுண்டு. குழந்தை விளையாடும்போது ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிப் பாருங்கள். பிறகு மற்றதை மூடுங்கள். ஒரு கண்ணை மூடும்போது மட்டும் அழுது கையைத் தள்ளினால், மற்றக் கண்ணில் குறையிருக்கலாம். மாறுகண், தலையைச் சாய்த்துப் பார்ப்பது, தொலைக்காட்சிப் பெட்டிக்கு மிக அருகில் போய் உட்காருவது ஆகியவையும் குறிகள். பாவையில் வெண்மை தெரிந்தால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. அது கண்புரையாகவோ, உயிருக்கே ஆபத்தான புற்றாகவோ இருக்கலாம்.

நிற்க. எங்கே செல்வது? கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. சிதம்பரத்தார்க்கு அண்ணாமலைநகரில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அருகிலேயே உள்ளது. புதுச்சேரிச் சாலையில் தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை 2003 முதல் நடைபெற்று வருகிறது. மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 1976இல் பதினொரு படுக்கைகளுடன் தொடங்கிய ஸ்தாபனத்தின் கிளை அது. அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் நடமாடும் மருத்துவக் குழு வந்து குழந்தைகளைப் பார்க்கும் திட்டம் 2013இல் ஏற்பட்டது. அக்குழு வரும் தினத்தன்று குழந்தையைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறவர்களும் இல்லாமலில்லை!

தடை பணமன்று. அரசு ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்குக் கட்டணமில்லை. ஒரு நாள் ஷிப்ட் கூலி போய்விடுமே என்பதுதான் தடை. இங்கேதான் சங்கத்துக்கு வேலை இருக்கிறது. பத்துக் குழந்தைகளைச் சேர்த்து ஒரே வண்டியில் அனுப்பினால், இரண்டு தாய்மார்கள் உடன் சென்றால் போதும். சங்கக் கட்டடத்தையே ஒரு நாள் முகாமுக்குக் கொடுக்கலாம். பொது நன்மைக்கு ஒதுக்கிய தொகையிலிருந்து வண்டிச் செலவைக் கொடுப்பதில் எந்தப் பொதுக்குழுவும் ஆட்சேபிக்காது.

மற்றொரு தடை, பெண் குழந்தைக்குக் கண்ணாடி போட்டால் நாளைக்கு யார் கட்டிக்கொள்வான் என்னும் பேச்சு. கண்ணாடி போடுவதால் பவர் ஏறும் என்பதும் அத்தகையதே. குழந்தை வளரக் கண்ணும் வளர்கிறது. அதனால் அளவு மாறுகிறது. கண்ணாடியைக் கழற்றி வைப்பதனால் அது நிற்காது. ஒரு கண் மங்கிய பெண்ணுக்கு அந்தக் கண்ணின் பார்வையைப் பிற்காலத்தில் எந்தச் சீர்வரிசையாலும் வாங்கிக் கொடுக்க இயலாது.

முதல் கண்ணாடிக்கு உடையும் கண்ணாடிச் சில்லு வேண்டாம். பிளாஸ்டிக் வில்லையே தகுந்தது. மூக்கிலிருந்து வழுக்காதபடி பின்புறம் பட்டை கட்டிக்கொள்ளலாம். முதல் வாரம் குழந்தை பிடுங்கி எறியும். அடிக்காமல், சோறூட்டும்போதும் கதை சொல்லும்போதும் மாட்டிவிட்டு நேரத்தை மெள்ள நீட்டவேண்டும். ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்தால், மற்றப் பிள்ளைகள் பரிகாசம் செய்யாமல் பார்த்துக்கொள்வார். வைத்தியர் குறித்த தேதியில், சாதாரணமாக ஆறு மாதத்திலோ ஒரு வருஷத்திலோ, பழைய சீட்டையும் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு மறுபடி போகவேண்டும். அந்தத் தேதிகளைச் சங்கக் காரியதரிசி ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைத்து, மாதக் கூட்டத்தில் வாசித்துவிடட்டும்.