வேலிக்கு அந்தப் பக்கம்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசும்படி தலைமையாசிரியர் கேட்டுக் கொண்டார். அதைப் போன வருஷமே பேசியாகிவிட்டது. இந்த வருஷம் மருந்தைப் பற்றிப் பேசப் போகிறேன். ஆஸ்பத்திரி மருந்து அல்ல. தோட்டத்தில் 'மருந்தடிக்கிறது' என்கிறோமே, அந்த மருந்து. விஷத்துக்கு இப்படிப் பெயர் வைத்த புண்ணியவான் யாரோ!

என் அம்மா வேறொரு தோட்டத்தில் பல வருஷம் மருந்தடித்தவர். நான் மூன்றாம் வகுப்புப் படித்த காலத்தில், அம்மா வேலை முடிந்து லயத்துக்கு வந்ததும் ஓடிப்போய்க் கட்டிக் கொள்ளப் பார்ப்பேன். "கிட்ட வராதே" என்று கையை நீட்டித் தடுப்பார். அம்மாவுக்கு என்மேல் பாசம் இல்லை என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அவருக்கு விரல் நகம் கறுத்தது, ஒன்று கழன்றே போனது. சில ராத்திரிகளில் மூக்கில் ரத்தம் வரும். பாட்டி "உடம்புச் சூடு" என்று மோர் கொடுப்பார். எதனால் வந்தது என்று யாரும் கேட்கவுமில்லை, எழுதி வைக்கவுமில்லை.

நம் நாட்டில் அதைக் கேட்டு எழுதியவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றித்தான் இன்று சொல்ல வந்தேன்.

1982-ஆம் ஆண்டு பினாங்கில் பல நாட்டவர் கூடி ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். பூச்சிக்கொல்லி எதிர்ப்பு வலையமைப்பு என்று சொல்லலாம். ஆங்கில எழுத்துச் சுருக்கம் 'பான்'. அந்தக் கூட்டத்துக்கு முன்னின்றவர்களில் ஒருவர் அன்வார் பசால். பணக்கார நாடுகள் தங்கள் மண்ணில் வேண்டாம் என்று ஒதுக்கிய மருந்துகளைக் கப்பலேற்றி ஏழை நாடுகளுக்கு விற்கிறார்களே, இது என்ன நியாயம் என்பதே அவர்கள் கேட்ட கேள்வி. இரண்டு ஆண்டு கழித்து, 1984 டிசம்பரில், இந்தியாவின் போபால் நகரில் பூச்சிமருந்துத் தொழிற்சாலையிலிருந்து கசிந்த விஷவாயு ஆயிரக்கணக்கான பேரைக் கொன்றது. அதற்குப் பிறகுதான் பல பேர் இவர்கள் பேச்சைக் காதில் போட்டுக் கொண்டார்கள்.

இந்த அமைப்பின் ஆசிய பசிபிக் பிரிவுக்கும் பினாங்குதான் இருப்பிடம். அதை நெடுங்காலம் செயல் இயக்குநராக இருந்து நடத்தியவர் சரோஜினி ரெங்கம் என்ற பெண்மணி. (ரெங்கம் என்றதும் பிள்ளைகள் குளுவாங் பக்கத்து ஊரை நினைத்துச் சிரிக்க வேண்டாம், அது அவர் பெயர்.) அதன் தலைவராக விளங்கியவர் ஐரின் பெர்னாண்டஸ். இவரைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல எனக்கு ஆசை. ஏனென்றால் இவரும் ஓர் ஆசிரியை. கெடா மாநிலத்தில் ரப்பர் தோட்டத்துச் சூழலில் வளர்ந்தவர். 1970-இல், இருபத்து மூன்று வயதில், நிரந்தரச் சம்பளமுள்ள வாத்தியார் வேலையை விட்டுவிட்டுத் தொழிலாளர் பக்கம் போனார். சம்பளத் தேதியை எண்ணிக்கொண்டிருக்கும் என் போன்றவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும்! 1991-இல் தெனாகானித்தா என்ற பெண்கள் அமைப்பைத் தொடங்கினார். வெளிநாட்டுத் தொழிலாளர்கள் தடுப்பு முகாம்களில் படும் பாட்டை 1995-இல் எழுதி வெளியிட்டதற்காக வழக்கு வந்தது. 2003-இல் ஓராண்டுச் சிறை என்று தீர்ப்பானது. மேல்முறையீட்டில் 2008-இல்தான் விடுதலையானார். 2014-இல் காலமானார்.

இந்த இரண்டு அமைப்புகளும் சேர்ந்து தோட்டங்களுக்குப் போயின. மருந்தடிக்கும் பெண்களிடம் உட்கார்ந்து கேட்டன. கண் எரிச்சல், மூச்சுத் திணறல், தோல் அரிப்பு, மூக்கில் ரத்தம், கழன்று போன நகம் என்று அந்தப் பெண்கள் சொன்னதெல்லாம் 2002-இல் புத்தகமாக வந்தது. அதைப் பற்றி முதலில் கேள்விப்பட்டபோது, பாட்டி கொடுத்த மோர்தான் என் ஞாபகத்துக்கு வந்தது.

அவர்கள் முக்கியமாகச் சுட்டிக் காட்டியது பாராகுவாட் என்ற களைக்கொல்லி. ஒரு மடக்கு உள்ளே போனாலே உயிர் போகலாம், மாற்று மருந்து கிடையாது. 2002-இல் அதைப் படிப்படியாக நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. 2006-இல் அந்தத் தடை தளர்ந்தது. மறுபடியும் மனு, மறுபடியும் கூட்டம். 2020 ஜனவரி முதல் தேதிதான் முழுத்தடை வந்தது. கணக்குப் பாடத்தில் மட்டமான பிள்ளைகூடச் சொல்லும், பதினெட்டு வருஷம். ஆனால் பாராகுவாட் போன இடத்துக்கு வேறு மருந்துகள் வந்துவிட்டன என்பதும் உங்களுக்குத் தெரியும்.

"மருந்தில்லாமல் காட்டை எப்படி வாத்தியாரே வச்சுக்கிறது?" என்று பின்வரிசையில் இருக்கும் மண்டோர் அண்ணன் கேட்பார். நியாயமான கேள்வி. பதில் நம் ஜொகூரிலேயே கிடக்கிறது. ஒரு காலத்தில் செம்பனைப் பூவுக்கு மகரந்தத்தைக் கையால் தூவ வேண்டியிருந்தது. அதற்கென்றே ஆள் போட்டார்கள். 1981-இல் ஆப்பிரிக்காவின் கெமரூனிலிருந்து கொண்டுவந்த ஒரு சிறு வண்டை குளுவாங்கில்தான் முதலில் விட்டார்கள். அன்று முதல் அந்த வேலையை வண்டு பார்க்கிறது. கூலி கேட்பதில்லை, பெரட்டுக்கும் வருவதில்லை. கண்டபடி பூச்சிமருந்து அடித்தால் முதலில் போவது இதுபோன்ற வேலையாள்தான். ஓலையைத் தின்னும் கூண்டுப்புழு 1960-களில் தோட்டங்களில் பெருகியதற்குக் காரணமே, அந்தப் புழுவைத் தின்னும் குளவிகளை மருந்து கொன்றுவிட்டதுதான் என்று பின்னால் கண்டுபிடித்தார்கள். இன்று ரோட்டோரம் மஞ்சள் பூச்செடிகளை வைப்பது அழகுக்காக அல்ல, அந்தக் குளவிகளுக்குத் தேன் வேண்டும் என்பதற்காக. எலிக்கு ஆந்தைப் பெட்டி இருக்கிறது. களைக்கு மூடுகொடி இருக்கிறது, மாடு இருக்கிறது, அரிவாளும் இருக்கிறது. அரிவாளுக்கு ஆள்கூலி அதிகம் என்பதை நான் மறுக்கவில்லை. அந்தச் செலவை ஒரு பக்கமும் நகத்தை மறுபக்கமும் வைத்து எடை போட்ட கணக்குப்பிள்ளையைத்தான் நான் பார்த்ததில்லை.

பள்ளிக்கூடங்களைச் சுற்றி மருந்தடிக்காத இடைவெளி வேண்டும் என்றும் பான் அமைப்பு கேட்டு வருகிறது. நம் பள்ளிக்கு வருகிறேன். இரண்டாம் வகுப்பு ஜன்னலிலிருந்து வேலிக்கு அந்தப் பக்கத்து முதல் செம்பனை வரிசை பதினைந்து அடிகூட இருக்காது. காற்று இந்தப் பக்கம் வீசுகிற நாளில் ஜன்னலைச் சாத்திவிட்டுப் பாடம் நடத்துகிறோம், பிள்ளைகள் வேர்த்துக் கொட்டுகிறார்கள். வேலியை ஒட்டிய பத்து வரிசையை மட்டும் அரிவாளால் வெட்டச் சொல்லித் தோட்ட நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். தமிழிலும் மலாயிலும் இருக்கிறது. பெற்றோர் ஆசிரியர் சங்கம் பார்த்துச் சரி சொன்னால் அனுப்பலாம்.

இன்னொன்று. என் மேசைமேல் நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று இருக்கும். மருந்தடிக்கிற அம்மாமார், ஐயாமார் யாராவது தலைசுற்றல், அரிப்பு, வாந்தி என்றால் வந்து சொல்லுங்கள். தேதி போட்டு, டின்னில் இருந்த மருந்தின் பெயரையும் போட்டு எழுதி வைக்கிறேன். எழுதத் தெரியாதே என்று கூச்சப்பட வேண்டாம், உங்கள் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பில் நன்றாகவே எழுதுகிறார்கள். உங்கள் பெயரைப் போட வேண்டாம் என்றால் போட மாட்டேன். முதல் பக்கத்தில் என் அம்மா சொன்னதை எழுதிவிட்டேன்.

பரிசளிப்புக்கு நேரமாகிவிட்டது, முன்வரிசையில் கால் ஆடுவது தெரிகிறது.